அம்மா பாடிய 38 கேசட்டுகள்: வீட்டிலேயே டிஜிட்டலாக மாற்றியதில் கற்றவை

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு ஷூ பெட்டி இருந்தது. அதற்குள் 38 கேசட்டுகள். ஒவ்வொன்றிலும் அப்பாவின் கையெழுத்தில் தேதியும் பாட்டின் முதல் வரியும். பாடுவது அம்மா. அம்மா மேடை ஏறியவர் அல்ல. ராத்திரி வேலையெல்லாம் முடிந்தபின் கூடத்தில் உட்கார்ந்து பாடுவார். அப்பா டேப் ரெக்கார்டரை எதிரே வைத்துச் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். அப்பா போனபின் அந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை. பல வருஷம் கழித்து நான் திறந்தபோது, ஒரு கேசட்டுக்குள் டேப்பைத் தலையோடு (டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் பாகம்) அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுப் பட்டை கழன்று விழுந்து கிடந்தது. இன்னும் தள்ளிப் போட்டால் எதுவும் மிஞ்சாது என்ற பயம் அன்றுதான் வந்தது.

பயத்தில் அவசரப்பட்டேன். கையில் இருந்த பாக்கெட் பிளேயரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு வயரை லேப்டாப்பின் மைக் துளையில் செருகினேன். ஒரே வாரத்தில் 11 கேசட்டுகள் முடிந்தன. எவ்வளவு சுலபம் என்று நினைத்தேன். சில மாதம் கழித்து நல்ல ஹெட்ஃபோன் ஒன்று கைக்கு வந்தது. அந்தப் பதிவுகளை அதில் கேட்டபோது வயிற்றைப் பிசைந்தது. அம்மா குரல் உயர்ந்த இடமெல்லாம் கரகரவென்று உடைந்திருந்தது. வரியின் கடைசியில் குரல் மெல்லத் தேயும் இடங்கள் சட்டென்று காணாமல் போயிருந்தன. எல்லாவற்றுக்கும் மேல், அம்மா வழக்கமாகப் பாடும் சுருதியைவிட அரைக் கட்டை ஏறியிருந்தது. பதினொன்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று.

ஒவ்வொரு தவறுக்கும் காரணம் தேடிப் பிடித்தேன். மைக் துளை சில மில்லிவோல்ட் அளவுள்ள நுண்ணிய மின்சாரத்தை எதிர்பார்ப்பது. கேசட் டெக், சிடி பிளேயர் போன்றவற்றின் லைன் அவுட்டில் (ஒலி வெளியே வரும் துளை) வருவது 0.316 வோல்ட் என்ற அளவை ஒட்டியது. பாக்கெட் பிளேயரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து வருவதும் அந்த ஜாதிதான். ஏறத்தாழ நூறு மடங்கு பெரிய அலையை ஒரு குட்டி வாசலுக்குள் தள்ளினால் மேலும் கீழும் வெட்டுப்பட்டுத்தான் போகும். வரியின் கடைசி காணாமல் போனதற்கு லேப்டாப்பே காரணம். பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக அதில் இரைச்சல் ஒடுக்கும் மென்பொருள் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். மெல்லிய குரலையும் அது இரைச்சல் என்றே எடுத்துக்கொள்ளும். சுருதி ஏறியதற்குக் காரணம் பிளேயரின் வேகம். வேகம் 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும்.

தலைமடையில் கலங்கிய தண்ணீர் கடைமடையில் தெளிந்து வராது. டேப் தலையைத் தொடும் இடம், ஊசி இசைத்தட்டைத் தொடும் இடம், குரல் மைக்கைத் தொடும் இடம், இவைதான் தலைமடை. கணினியும் மென்பொருளும் கடைமடை. காசையும் கவனத்தையும் கடைமடையில் கொட்டுகிறவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

இரண்டாம் முறை பிளேயரிலிருந்து தொடங்கினேன். கேசட்டை நேரே கணினியில் செருகலாம் என்று விற்கப்படும் குட்டி யூஎஸ்பி பிளேயர்களை வாங்க வேண்டாம் என்பேன். அவற்றின் மோட்டார் சீராக ஓடாது. நீளமாக இழுத்துப் பாடும் ஸ்வரம் தண்ணீரில் விழுந்த நிழல்போல ஆடும். அந்த ஆட்டத்தைப் பின்னால் எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. பழைய வீட்டு உபயோக டெக் ஒன்று, இரண்டாம் கையாக வாங்கியது, இவற்றைவிடப் பல மடங்கு மேல். வாங்கும்போது மூன்றைப் பார்த்தால் போதும். பிளே அழுத்தினால் இரண்டு சக்கரமும் தயங்காமல் சுற்ற வேண்டும். உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் இளகிப் பிசினாகியிருக்கக் கூடாது (மாற்று பெல்ட் கிடைத்தால் இது பெரிய குறையில்லை). தலையின் முகத்தில் விரல் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கக் கூடாது. அந்தப் பள்ளம் விழுந்துவிட்டால் டெக் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கேசட்டைப் போடும் முன் ஒரு வேலை இருக்கிறது. கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் புதிதாக எதுவும் பதியாது. இதைத் தெரிந்தும் சோம்பலில் விட்டேன். ஒருநாள் அரைத்தூக்கத்தில் பொத்தானை மாற்றி அழுத்தி, அம்மா பாட்டின் நடுவே 4 விநாடி அழிந்துபோனது. அந்த ஓட்டையை இனி யாராலும் அடைக்க முடியாது. அன்று ராத்திரியே 38 கேசட்டின் நாக்குகளையும் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உடைத்தேன். கேசட்டை டிஜிட்டலாக்க நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

அடுத்தது சுத்தம். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்துத் தலையைத் துடைத்தேன். முதல் குச்சி காப்பித் தூள் ஒட்டியதுபோல் பழுப்பாக வந்தது. அது அழுக்கு மட்டும் இல்லை, டேப்பிலிருந்து உதிர்ந்த இரும்பு ஆக்சைடு. நாலாவது குச்சி வெள்ளையாக வந்தபின் அதே கேசட்டைப் போட்டேன். கம்பளிக்குள்ளிருந்து பாடியதுபோல் இருந்த குரல் கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்தது. இதற்கு ஆன செலவு ஒரு சின்னப் பாட்டில் ஆல்கஹால். ரப்பர் உருளைக்கு ஆல்கஹாலை அடிக்கடி போடாமல், லேசான சோப்புத் தண்ணீரில் துடைத்து நன்றாக உலர விடுங்கள்.

டேப்பின் விஷயத்தில் நான் கற்றதில் மிகப் பெரியது அசிமத். அதாவது, தலை டேப்புக்குச் செங்குத்தாக நிற்கும் கோணம். கேசட் டேப் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று அதில் பதிந்தால், அதன் ஒரு முழு அலை டேப்பின் மேல் பிடிக்கும் நீளம் 4.76 மைக்ரோமீட்டர்தான். மோனோ பதிவின், அதாவது இடம் வலம் பிரிக்காத பதிவின், தடம் 1.5 மில்லிமீட்டர் அகலம். தலை அரை டிகிரி சாய்ந்தாலும் தடத்தின் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் 13 மைக்ரோமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். ஒரே அலையின் மேடும் பள்ளமும் ஒரே நேரத்தில் படிக்கப்பட்டு ஒன்றையொன்று அழித்துவிடும். ச, ஷ, த போன்ற மெய்யெழுத்துகளின் கூர்மையும் ஜால்ராவின் மினுக்கும் இப்படித்தான் காணாமல் போகின்றன. பலரும் பழைய டேப் மங்கிவிட்டது என்று கைவிடுகிறார்களே, பல சமயம் அது உண்மையில் டேப்பின் மங்கல் இல்லை. பதிந்த மெஷினின் தலை ஒரு கோணத்தில் நின்றது, படிக்கும் மெஷினின் தலை வேறு கோணத்தில் நிற்கிறது, அவ்வளவுதான்.

சரிசெய்வது கஷ்டமில்லை. டெக்கின் கதவு மூடியைக் கழற்றினால் தலையின் பக்கத்தில் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்த ஒரு சின்னத் திருகு தெரியும். அது முதலில் நின்ற நிலையை மார்க்கர் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கேசட்டை ஓடவிட்டு, இரண்டு தடத்தையும் கூட்டி மோனோவாக ஹெட்ஃபோனில் கேட்டபடி, எட்டில் ஒரு சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்புங்கள். ஓரிடத்தில் இரைச்சலும் குரலும் சேர்ந்தே பளிச்சென்று திறக்கும். அதைத் தாண்டினால் மறுபடி மூடும். அந்தத் திறந்த இடம்தான் அந்தக் கேசட்டின் இடம். அப்பா வெவ்வேறு காலத்தில் இரண்டு ரெக்கார்டர் வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. 1 முதல் 22 வரையான கேசட்டுகள் ஒரு கோணத்திலும் மீதியெல்லாம் வேறொரு கோணத்திலும் திறந்தபோதுதான் கண்டுபிடித்தேன். அம்மாவிடம் கேட்டேன். "ஆமாம், முதல்ல இருந்தது கீழ விழுந்து உடைஞ்சு போச்சு, அப்புறம்தான் இன்னொண்ணு வாங்கினார்" என்றார்.

மோனோ டேப்புகளில் இன்னொரு லாபமும் உண்டு. ஸ்டீரியோ டெக் அகலமான அந்த ஒற்றைத் தடத்தை இரண்டு பாதியாகப் படிக்கும். அசிமத் சரியாக இருந்தால் இரண்டையும் கூட்டும்போது குரல் வலுக்கும், இரைச்சல் அந்த அளவு வலுக்காது. குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 3 டெசிபல் கூடும். காசில்லாமல் கிடைக்கும் 3 டெசிபல்.

வேகத்துக்கு 3,000 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனைக் கேசட் ஒன்று வாங்கினேன். ஃபோனில் அதிர்வெண் காட்டும் ஒரு செயலியைத் திறந்துவைத்து, மோட்டாரின் பின்னால் உள்ள துளைக்குள் சின்ன ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருப்பினால் எண் ஏறி இறங்கும். 3,000 பக்கம் வந்ததும் விட்டேன். இதற்குப் பிறகும் சில கேசட்டுகளில் சுருதி பொருந்தவில்லை. அப்பாவின் ரெக்கார்டரே வேகம் தவறி ஓடியிருக்கிறது. அங்கே அம்மாதான் அளவுகோல். தன் சுருதி ஐந்தரைக் கட்டை என்று அவருக்குத் தெரியும். அதை வைத்து மென்பொருளில் வேகத்தைத் திருத்தினேன். சுருதியை மட்டும் மாற்றும் வசதியை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. வேகமும் சுருதியும் சேர்ந்து மாறுவதே சரி, ஏனென்றால் டேப்பில் நடந்த பிழையும் அப்படிப்பட்டதுதான்.

டேப் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பி வசதி பற்றிச் சுருக்கமாக. பதியும்போது டால்பி போட்டிருந்தால் ஓட்டும்போதும் போட வேண்டும். போடாமல் பதிந்த டேப்பில் இரைச்சலைக் குறைக்கலாமே என்று போட்டால் குரலின் மினுக்கும் சேர்ந்து போய்விடும். அசிமத்தைச் சரிசெய்த பிறகே டால்பியைத் தொடுங்கள். பஞ்சுப் பட்டை கழன்ற அந்தக் கேசட்டை, ஐந்து திருகு போட்ட வேறொரு கேசட் ஓட்டைத் திறந்து அதற்குள் மாற்றினேன். முக்கால் மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்த வேலை. டேப் அறுந்திருந்தால் அதற்கென்றே உள்ள ஒட்டுப்பட்டைதான் வேண்டும். சாதாரண ஒட்டும் நாடாவின் பசை நாளடைவில் கசிந்து பக்கத்துச் சுற்றுகளையும் தலையையும் கெடுக்கும்.

இப்போது கணினிக்குப் போகும் வழி. இதற்கு ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும், அதாவது ஒலியை எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும் பெட்டி. கேசட்டும் இசைத்தட்டும் மட்டும்தான் என்றால் பெரிங்கர் யூசிஏ202 போன்ற தீக்குச்சிப் பெட்டி அளவுச் சாதனமே போதும். சிவப்பு வெள்ளை ஆர்சிஏ துளைகள், 16 பிட் (ஒவ்வொரு அளவையும் குறிக்கும் நுணுக்கம்), 48 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 48,000 முறை அளப்பது). 16 பிட்டால் ஏறத்தாழ 96 டெசிபல் வரை மெல்லியதையும் உரத்ததையும் பிடிக்க முடியும். வீட்டில் பதிந்த கேசட்டுக்கு 50, 60 டெசிபல் இருந்தாலே பெரிது. இந்தக் கணக்குத் தெரியாமல் விலை உயர்ந்த இன்டர்ஃபேஸுக்காக ஒரு வருஷம் காத்திருந்தவன் நான். மைக் வைத்தும் பதிய வேண்டும் என்றால்தான் ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மாதிரி இரண்டு மைக் உள்ளீடும் 48 வோல்ட் பேன்டம் பவரும் (சில மைக்குகளுக்கு வயர் வழியே போகும் மின்சாரம்) உள்ளது தேவை. அதில் டெக்கை இணைக்கும்போது ஆர்சிஏ வயரின் மறுமுனையில் 6.35 மில்லிமீட்டர் பிளக் போட வேண்டும். கிட்டாருக்கான இன்ஸ்ட்ருமென்ட் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். என் நண்பர் ஒருவர் அந்தச் சுவிட்சைக் கவனிக்காமல் ஒரு மாதப் பதிவுகளை உடைந்த ஒலியோடு சேர்த்து வைத்திருந்தார்.

நான் பதிவது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில். ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமான ஐஏஎஸ்ஏ, பழைய ஒலிப்பதிவுகளுக்குக் குறைந்தபட்சமாகச் சொல்வதும் இதைத்தான். 96 கிலோஹெர்ட்ஸ் இன்னும் நல்லது என்கிறது. 24 பிட்டால் வீட்டுக்காரனுக்குக் கிடைக்கும் பெரிய நிம்மதி, கெயினை (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவு) பயமில்லாமல் குறைத்து வைக்கலாம் என்பதுதான். கேசட்டில் மிக உரத்த இடத்தை முதலில் தேடி ஓட்டி, மீட்டர் அங்கே மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கும்படி வைக்கிறேன். ஒருமுறை பூஜ்யத்தைத் தொட்டு வெட்டுப்பட்டால் அந்த இடம் போனதுதான். குறைவாகப் பதிந்ததைப் பின்னால் உயர்த்திக்கொள்ளலாம். கோப்பின் அளவைக் கண்டு மலைக்க வேண்டாம்: இந்த அளவில் ஸ்டீரியோ ஒரு நிமிடத்துக்கு 17.28 எம்பி, 90 நிமிடக் கேசட் ஏறத்தாழ 1.56 ஜிபி.

பதிய உட்காரும் முன் இயங்குதளத்தின் ஒலி அமைப்புகளுக்குள் போய், ஒலியை மேம்படுத்துகிறேன் என்று சொல்லும் எல்லாவற்றையும் அணையுங்கள். அறிவிப்பு மணி, தூக்க நிலை இரண்டையும்கூட. உம்ம்ம் என்று கீழே ஒரு ஓசை தொடர்ந்து கேட்டால் அது மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ஓசை. டெக்கும் லேப்டாப்பும் வெவ்வேறு சுவர்ப் பிளக்கில் இருந்ததால்தான் எனக்கு வந்தது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகியதும் பெரும்பகுதி அடங்கிற்று. லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டியதும் மிச்சமும் போனது.

அப்புறம் பொறுமை. 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம் ஆகும், குறுக்கு வழி இல்லை. சுத்தம், கோணம், அளவு பார்ப்பது எல்லாம் சேர்த்தால் இரட்டிப்பு நேரம். ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். இரண்டாவது போட்ட நாளெல்லாம் ஏதாவது பிசகியது.

மாமாவிடம் கொஞ்சம் இசைத்தட்டுகள் இருந்தன. கேசட்டில் கிடைத்த தைரியத்தில் அவற்றையும் வாங்கி வந்தேன். டர்ன்டேபிளை நேரே லைன் இன்னில் செருகியபோது, தகர டப்பாவுக்குள் கொசு பாடுவதுபோல் கேட்டது. ஊசியைத் தாங்கும் மேக்னட் வகைக் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட்தான். அதோடு, இசைத்தட்டை வெட்டும்போது பாஸைக் குறைத்து டிரெபிளைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். பாஸை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாகி ஒரு பக்கத்தில் கொள்ளும் நேரம் குறையும். டிரெபிளைக் கூட்டி வெட்டுவது, ஓட்டும்போது ஊசி உரசும் இரைச்சலைக் குறைக்க. கேட்கும்போது இதைத் திருப்பிப் போட ஆர்ஐஏஏ வளைவு வேண்டும். 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல் கூட்டவும், 20,000 ஹெர்ட்ஸில் அதே அளவு குறைக்கவும் செய்யும். இந்த இரண்டு வேலையையும் செய்வது ஃபோனோ பிரீஆம்ப். சில டர்ன்டேபிள்களில் உள்ளேயே இருக்கும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரட்டையாகப் போட்டால் உடைந்து உறுமும். 78 சுழற்சித் தட்டுகளுக்கு ஊசியே வேறு: அவற்றின் பள்ளம் அகலம், ஏறத்தாழ 75 மைக்ரோமீட்டர் முனை வேண்டும். எல்பி ஊசியைப் போட்டால் பள்ளத்தின் அடியில் கிடக்கும் குப்பையைத்தான் அது வாசிக்கும்.

இரைச்சல் நீக்கத்தில் நான் செய்த தவறைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் செய்யாத ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் பாட்டில்லாத இடத்தைத் தேர்ந்து இரைச்சலின் மாதிரியாகக் கொடுத்து, மொத்தப் பதிவிலும் 24 டெசிபல் குறைத்தேன். ஸ்ஸ்ஸ் என்ற சத்தம் அப்படியே மறைந்தது. ஆகா என்றிருந்தது. அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "தொண்டைக்குள்ள தண்ணி நிக்கிற மாதிரி பாடியிருக்கேனே, அன்னைக்கு ஜலதோஷமா?" என்றார். பிறகுதான் அந்தக் கருவியில் ரெசிடியூ என்று ஒரு தேர்வு இருப்பதைக் கவனித்தேன். எதையெல்லாம் நீக்கியிருக்கிறது என்பதை மட்டும் தனியாகக் கேட்க வைக்கும். அழுத்திக் கேட்டேன். இரைச்சலோடு சேர்ந்து, சொற்களின் ச, ஷ எல்லாம் கிசுகிசுவென்று அங்கே போயிருந்தன. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அம்மா இழுக்கும் மூச்சும் அங்கேதான் இருந்தது. நான் சுத்தம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அம்மாவின் மூச்சைத் துடைத்து எறிந்திருக்கிறேன்.

இப்போது 6 டெசிபலுக்கு மேல் போவதில்லை. ரெசிடியூவில் குரலின் சாயல் துளி கேட்டாலும் இன்னும் குறைத்துவிடுவேன். பல கேசட்டுகளில் எதையுமே நீக்கவில்லை. சீரான மெல்லிய இரைச்சலைக் காது இரண்டு நிமிடத்தில் மறந்துவிடுகிறது, மூச்சில்லாத குரலை அது மறப்பதில்லை. எது எப்படியானாலும், டேப்பிலிருந்து வந்த முதல் பதிவைக் கை வைக்காமல் அப்படியே வைத்துவிட்டு, நகலில்தான் வேலை செய்கிறேன். நாளைக்கு இதைவிட நல்ல கருவி வரும்; அன்றைக்கு வேலை செய்ய மூலம் இருக்க வேண்டும்.

அந்த மூலத்தை ஃபிளாக் என்ற கோப்பு வகையில் வைக்கிறேன். ஒலியில் ஒரு துளியும் இழக்காமல் இடம் கணிசமாகக் குறையும். ஒலியின் சரிபார்ப்பு எண்ணையும் ஃபிளாக் தனக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்வதால், வருஷத்துக்கு ஒருமுறை கோப்பு கெடாமல் இருக்கிறதா என்று சோதிக்க முடிகிறது. எம்பி3 சொந்தக்காரர்களுக்கு அனுப்ப மட்டும். கோப்பின் பெயரில் கேசட் எண், பக்கம், தேதி. அப்பா எழுதிய அட்டையின் புகைப்படம் அதே ஃபோல்டரில். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறொரு வீட்டில், தங்கையிடம். கேசட்டுகளையும் தூக்கி எறியவில்லை.

இந்த வேலையெல்லாம் நடக்கும்போதே, டேப்பில் இருக்கும் குரலை மீட்கிறேன், கூடத்தில் உட்கார்ந்திருக்கும் குரலை ஏன் பதியவில்லை என்று உறைத்தது. மைக் வாங்கினேன். முதலில் வாங்கியது கண்டென்சர், நுண்ணிய ஒலியையும் பிடித்துவிடும் வகை. எல்லோரும் சிபாரிசு செய்வது. மைக் நல்லதுதான், எங்கள் கூடம்தான் அதற்குத் தோதில்லை. வெறும் சுவரும் தரையும் திருப்பி அனுப்பிய எதிரொலி, மின்விசிறி, ஃபிரிட்ஜ், தெருவில் போகும் வண்டி எல்லாம் அம்மாவோடு சேர்ந்து பாடின. அறையை அடக்காமல் கண்டென்சர் வாங்குவது, கூரை ஒழுகும் வீட்டுக்கு வண்ணம் பூசுவதுபோல. அப்புறம் ஷூர் எஸ்எம்58. 1966 முதல் சந்தையில் இருக்கும் டைனமிக் மைக், பேன்டம் பவர் வேண்டாம், பக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொண்டு தூரத்தில் இருப்பதை ஓரளவு விட்டுவிடும். அதிலிருந்து வரும் மின்சாரம் குறைவு. மலிவான இன்டர்ஃபேஸில் கெயினை ஏறக்குறைய முழுதும் திருப்ப வேண்டியிருக்கும், அப்போது அந்த இன்டர்ஃபேஸின் சொந்த இரைச்சல் கேட்கும். கொஞ்சம் கேட்கட்டும் என்று விட்டேன்.

அறையை அடக்கியபின் கண்டென்சருக்கே திரும்பினேன். அடக்க ஆன செலவு பூஜ்யம். இதய வடிவில் கேட்கும் மைக்குக்கு எதிரே இருப்பது பாடுகிறவர் மட்டும் இல்லை, அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரும்தான். அதனால் கனமான போர்வைகளையும் மெத்தையையும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நிறுத்தினேன். மைக்கின் பின்னால் ஒட்டுவதைவிட அங்கே நிறுத்துவதுதான் அதிகம் பேசும். ஒரு அங்குல நுரைப் பட்டைகளை வாங்கிச் சுவரெல்லாம் ஒட்டுகிறவர்கள் உண்டு. மேல் ஸ்வரங்களை மட்டும் அவை உறிஞ்சும், கீழே உறுமுவது அப்படியே இருக்கும், குரல் பெட்டிக்குள் போனதுபோல் ஆகும். அறை எப்படி என்று தெரிய ஒரே ஒரு கைதட்டல் போதும். தட்டியபின் டிங் என்று ஒரு வால் நீண்டால் இன்னும் துணி வேண்டும்.

ஹெட்ஃபோனுக்கு, காதை முழுதும் மூடும் வகை ஒன்று. 1991 முதல் வரும் சோனி எம்டிஆர்-7506 எனக்கு இன்றும் உழைக்கிறது. முதல் 11 கேசட்டின் அவலத்தைக் காட்டிக்கொடுத்ததே அதுதான், ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர் இதை முதலிலேயே வாங்க வேண்டும் என்பேன், இன்டர்ஃபேஸுக்கும் முன்னால். பாடுகிறவர் தன் குரலைத் தானே கேட்க இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பொத்தானைப் போடுங்கள். கணினிக்குப் போய்த் திரும்பும் குரல் சில மில்லிவிநாடி தாமதித்து வந்து, தாளத்தைக் குலைக்கும்.

எதுவுமே வாங்க முடியாதவர் கையில் ஃபோன் இருக்கிறதே. தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைக்க விடும், வேவ் கோப்பாகச் சேமிக்கும் செயலியைப் போட்டு, போர்வை கட்டிய அறையில் முகத்துக்கு இரண்டு சாண் தள்ளி வையுங்கள். வெறும் கூடத்தில் விலை உயர்ந்த மைக்கில் பதிந்ததைவிட அது நன்றாக இருந்ததை நானே ஒப்பிட்டுக் கேட்டிருக்கிறேன்.

போன மாதம் 38வது கேசட்டும் முடிந்தது. அதில் இருந்த கடைசிப் பாட்டையே இப்போது பாடச் சொல்லி அம்மாவை மைக் முன்னால் உட்கார வைத்தேன். மின்விசிறியை நிறுத்தினேன், ஃபிரிட்ஜை அணைத்தேன். மைக் மூக்கு மட்டத்தில், ஒரு சாண் தள்ளி, வாயை நோக்கிக் கொஞ்சம் சாய்ந்து இருந்தது. நேருக்கு நேர் வைத்தால் ப வரும்போது காற்று வந்து மோதும். அம்மா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மெல்ல ஒரு ஸ்வரம் பிடித்துப் பார்த்தார். நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இதுல நான் மூச்சு விடுறது கேட்குமா?"

"கேட்கும்மா."

"ரொம்பவா?"

மைக்கை இன்னும் நாலு விரல்கடை தள்ளி வைத்தேன். கெயினை ஒரு புள்ளி ஏற்றினேன். அம்மா தலையசைத்தார். சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.